அக்காவின் கல்யாண ஜாக்கெட்

எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை மேடம், சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குச் சைக்கிள் வராது. உட்கார்ந்த இடத்தில் என்னால் இருக்க முடியாது, அதுதான் காரணம். இப்போதுகூட எழுந்து நடந்துகொண்டே சொல்கிறேனே, தப்பாக நினைக்காதீர்கள்.

பத்தாவதில் மார்க் குறைந்ததால் பதினொன்றில் துணி வடிவமைப்புப் பிரிவில் என்னைத் தள்ளிவிட்டார்கள். சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூருக்கு நான் ஸ்கூட்டியில் போவேன். லைசென்ஸ் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நிஷா டவுன் பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா டேனியல் எங்கள் நிலத்தில்தான் கூலி வேலை செய்கிறார். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் முதலில் ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்தாள். அப்புறம் என் கோணல் தையலைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். போகப்போக எல்லாமே அவள்தான். நானும் சும்மா இருந்துவிடவில்லை, என் டிபனில் பாதி அவளுக்குத்தான்.

தை மாதம் பிரபா அக்காவுக்குக் கல்யாணம் என்று முடிவானதும், ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை நானே போடுகிறேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் வைத்துப் போடுகிற வேலை அது. அளவுக்கு அக்காவின் பழைய ஜாக்கெட்டை நிஷாவிடம் கொடுத்தேன். அவள் அக்காவைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை, அவர்களெல்லாம் எங்கள் வீட்டில் பின்வாசலோடு சரி. மதியத்தில் வகுப்பு காலியாக இருக்கும்போது பள்ளியில் வைத்தே போட்டு முடித்தாள். எல்லாரையும் போல மயில் போடவில்லை, முதுகில் வரிசையாகக் கொக்குகள்.

அம்மா பார்த்துவிட்டு அழுதே விட்டாள். சம்பந்தி வீட்டாருக்கு வீடியோ காலில் காட்டி, "எங்க இளமதி கையால போட்டதுங்க" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது, நான் வாயே திறக்கவில்லை.

அம்மா அதோடு விட்டாளா, ஜாக்கெட்டைப் பள்ளிக்கே எடுத்துவந்து மிஸ்ஸிடமும் காட்டினாள். ஏனாத்தூரில் ஒரு கண்காட்சி. அங்கே எல்லார் முன்னாலும் உட்கார்ந்து ஆரி போட்டுக் காட்ட என் பெயரையும், வகுப்பில் நன்றாகத் தைப்பவள் என்று நிஷா பெயரையும் மிஸ் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நிஷாதான் வந்து தேற்றினாள்.

"பயப்படாத இளா. ரெண்டு பேரும் சேந்து போட்டதுன்னு நானே மிஸ்கிட்ட சொல்லிடறன். உங்கம்மா இன்னா, அட்ச்சா போடுவாங்க?"

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் விவரம் போதாது. அவள் கை பட்டது என்று தெரிந்தால் அம்மா அந்த ஜாக்கெட்டை மணமேடைக்கு விடவே மாட்டாள். அக்கா அழுவாள். ஒரு குடும்பத்தின் சந்தோஷம் மேடம். நிஷாவால் போக முடியாமல் ஆகிவிட்டால், தோழிக்கு இப்படி ஆன துக்கத்தில் எனக்கும் ஊசியைத் தொட மனசு வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யார் நம்பமாட்டார்கள்?

சாயம் போடுகிற அன்று, கை கழுவ வைத்திருந்த பக்கெட்டை எடுத்துவிட்டு, சாயத்துக்குக் கரைத்து வைத்திருந்த காஸ்டிக் சோடா பக்கெட்டை அங்கே வைத்தது நான்தான். பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நிஷா இரண்டு கையையும் உள்ளே விட்டாள்.

"இன்னாடி இது, சோப்பு போட்டா மாதிரி வழவழன்னு கீது" என்று சிரித்தாள்.

எரிச்சல் பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரி போகும்வரை ஆட்டோவில் என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். தானே பார்க்காமல் கையை விட்டுவிட்டதாக டாக்டரிடம் சொன்னாள். யார்மேலும் பழி போடத் தெரியாதவள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. கட்டுப்போட்ட கையோடு வகுப்புக்கு வந்து, தான் வாயால் சொல்வதாகவும் வேறு யாராவது போடட்டும் என்றும் மிஸ்ஸிடம் அவளே கேட்டாள். மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். ஏனாத்தூரில் பேசப்போவதை வகுப்பில் பேசிக் காட்டச் சொன்னார்கள்.

"எங்கம்மா நாத்து நடும்போது பின்னாடியே வரும் மிஸ், அந்தக் கொக்கு. அதத்தான் போட்டன்."

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. நிஷா என்னைப் பார்க்கவில்லை. நான் கையை மட்டும்தான் யோசித்திருந்தேன் மேடம்.

ஏனாத்தூர் கிளம்புகிற அன்று காலையில் வேனில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை வறண்டுவிட்டது, தண்ணீர் கொடு என்றாள். பாட்டிலில் இருந்தது தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும், ஊற்றி எடுத்துவந்ததே நான்தான். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. இனிமேல் பேச்சு வருமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லையாமே.

அந்தக் கையால் அவளுக்கு மூடியைத் திருகக்கூட முடியாது. நான்தான் திறந்து, தலையைத் தாங்கிப் பிடித்து, சிந்தாமல் வாயில் ஊற்றினேன். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் செய்வார்கள், சொல்லுங்கள்.