கச்சையின் மறுமுனை

தாரகோனாவில் புனித தெக்லா திருவிழா நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நீங்கள் இந்த ஊர் போலீஸ்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிச் சுற்றி, கடைசியில் துறைமுகத்துப் பக்கம் ரயில் பாதையை ஒட்டி ஓர் இடம் கிடைத்தது. அங்கிருந்து சதுக்கத்துக்கு ஏறி வர வெகுநேரம் பிடித்தது. பக்கத்திலேயே இடம் கிடைத்திருந்தால் நான் இப்போது ஸ்டேஷனில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். என் மனைவி ரெமெய் முதுகெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கவும் மாட்டாள்.

என் முட்டி மடங்கிவிட்டது, அதனால்தான் மனிதக் கோபுரம் சரிந்தது என்று நேற்று சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. ஆனாலும் மரியாதையாகவே நடந்துகொள்கிறீர்கள். காப்பிகூட நன்றாக இருந்தது. ஆகவே இன்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

நானும் ரெமெயும் எங்கள் ஊர் மனிதக் கோபுரக் குழுவில்தான் பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். கோபுரம் பல வரிசையாக எழும்; நான் கனத்த உடம்புக்காரன், அதனால் எப்போதும் ஒரு வரிசையின் அடியில் நிற்பேன். என் தோளில் ஃபெலியூ நிற்பான். அவன் தோளில் அவனுடைய தம்பி, அதற்கும் மேலே ரெமெய். அவளுக்கு மேலே குழந்தைகள் மட்டும்தான்.

எல்லோரும் இடுப்பில் கறுப்புக் கச்சை கட்டுவோம். நீளமான துணி அது. ஒருவர் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டிக்கொள்பவர் மறுமுனையை இடுப்பில் வைத்துச் சுழன்று சுழன்று வர வேண்டும். ஏறுகிறவர்கள் கால் ஊன்றுவது அந்தக் கச்சையில்தான். தளர்ந்திருந்தால் கால் வழுக்கும், இடுப்பும் போகும். கல்யாணமான நாளிலிருந்து ரெமெயின் கச்சையைப் பிடித்தது நான் ஒருவன்தான். இறுகியிருக்கிறதா என்று அவளைக் கேட்க மாட்டேன். வயிற்றில் ஒரு தட்டு தட்டினால் எனக்கே தெரிந்துவிடும்.

இந்த வசந்த காலத்திலிருந்து அவள் போக்கில் மாற்றம் தெரிந்தது. எங்கள் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கும், அவள் மறதிக்காரி. அப்படியிருக்க, அவள் கைப்பையில் புதுச் சாவி ஒன்று கிடந்தது. கைப்பையைப் பார்ப்பது பற்றிக் கேட்கிறீர்களா? புருஷன் பெண்டாட்டிக்குள் அது சகஜம். போனில் பேசிக்கொண்டிருப்பாள், நான் வந்ததும் பேச்சைச் சுருக்கிவிடுவாள். யார் என்றால், "தங்கச்சிதான்" என்பாள். தங்கையிடம் கேட்டேன். அவளும் ஆமாம் என்றாள். அக்காவும் தங்கையும் சொல்லிவைத்துக்கொண்டது போல் ஒரே பதில் சொன்னது எனக்கு உறுத்தியது.

திருவிழாவுக்குப் புறப்பட்ட காலையில், நான் வண்டியின் கதவைத் திறக்கும்போது கேட்டாள்.

"நான் ஓட்டட்டுமா?"

"உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"தெரியும். லைசென்ஸ் வாங்கிட்டேன்."

"எப்ப?"

"கோடையிலேயே. சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ, அதான் சொல்லல."

"யாரு கத்துக்குடுத்தா?"

"டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்குடுத்தாங்க. வேற யாரு, பாதிரியாரா கத்துக்குடுப்பாரு?"

நான் வண்டியை எடுத்தேன். அந்த டிரைவிங் ஸ்கூலுக்கு எதிர்வீடு ஃபெலியூவுடையது. திராட்சைத் தோட்டங்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டியிருந்ததால் யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. அவள் ஜன்னலை இறக்கிவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். கணவனிடம் ஒன்றை மறைத்து, அது வெளியே வந்த பிறகும் பாட்டு வருகிறதென்றால் மறைத்தது அது ஒன்றுதானா என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

வழியில் ஒரு கடையில் சாப்பிட நிறுத்தினோம். இரண்டு பேருக்கும் நான்தான் சொல்வேன், அதுதான் வழக்கம். அன்று அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு நெத்திலி வெச்ச ரொட்டி" என்றாள்.

"உனக்குத்தான் நெத்திலி பிடிக்காதே."

"உனக்குத்தான் பிடிக்காது, இஸித்ரே" என்று சிரித்தாள்.

கடைக்காரனும் சிரித்தான். இத்தனை வருடம் அவளுக்குப் பிடிக்காது என்றுதான் எனக்குத் தெரியும். அவளுக்கு நெத்திலியை வாங்கிக் கொடுத்துப் பழக்கியது யார்? ஃபெலியூவின் மாமனார் லா எஸ்காலா என்ற கடற்கரை ஊரில் நெத்திலியை உப்பிலிட்டு விற்கிறவர். எனக்கு ஒவ்வொன்றாகப் புரிபட ஆரம்பித்தது.

தாரகோனாவில் எள் விழ இடமில்லை. பெரிய வீதி முனையில் அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீ நிறுத்திட்டு மெதுவா வா. நான் முன்னாடி போறேன்."

"கச்சை கட்டணும்ல?"

"வா, பாத்துக்கலாம்."

நான் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் இடுப்பில் கச்சை ஏறியிருந்தது. மடிப்பில்லாமல், சுருக்கமில்லாமல், நல்ல வேலை. குழுவில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஃபெலியூ கையில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு, திருவிழாவுக்கென்றே வைக்கும் சூரைமீன் குழம்பிலிருந்து நத்தைகளை ஊசியால் குத்தி எடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"யாரு பிடிச்சா?" என்று கேட்டேன்.

"யாரு பிடிச்சா என்ன, இறுகியிருக்கா பாரு" என்றாள் ரெமெய்.

"இஸித்ரே, உன் வேலை போச்சுடா" என்றான் ஃபெலியூ. "இனிமே நீ பார்க்கிங் டிபார்ட்மென்ட்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரெமெயும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அசிங்கமாக இருக்கும்.

பிறகு கோபுரம் கட்டினோம். கீழே நிற்கிறவன் எதையும் பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுற்றிலும் ஊரே நெருக்கிப் பிடித்து நிற்கும். தலை குனிந்திருக்கும், முகத்துக்கு நேரே அடுத்தவனின் சட்டைதான். என் இரண்டு கக்கத்திலும் இரண்டு பேர் தோள் கொடுத்து நிற்பார்கள். இடது பக்கம் ரோசெர். நல்ல பெண், பொய் பேச மாட்டாள். முட்டி மடங்கினால் என் பாரம் முழுவதும் அவள் தோளில் இறங்கியிருக்க வேண்டும், அப்படி எதுவும் இறங்கவில்லை என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். அவள்மீது எனக்கு வருத்தமில்லை.

மேலே என்ன நடக்கிறது என்று ஊதுகுழல்காரர்கள் வாசிப்பதை வைத்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். ஃபெலியூ என் தோளில் ஏறினான். பிறகு அவன் தம்பி. பிறகு ரெமெய் என் முதுகில் ஏறிப் போனாள். அவள் பாதம் எனக்குத் தெரியும், ஆயிரம் பேர் ஏறினாலும் தெரியும். அது என் கச்சையில் ஊன்றி, தோளைத் தொட்டு, ஃபெலியூவின் மேல் போயிற்று. குழந்தைகள் போனார்கள். உச்சியில் சின்னப் பெண் கையைத் தூக்கினாள். குழல் அதைச் சொல்லிற்று, சதுக்கம் முழுக்கக் கைதட்டியது.

என்னை நீங்கள் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தைகள் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். மூன்று குழந்தைகளின் பாதங்களும் என் முதுகு வழியாகவோ பக்கத்து ஆள் முதுகு வழியாகவோ இறங்கித் தரையைத் தொட்டுவிட்டன என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன். அப்போது எங்கள் வரிசையின் உச்சியில் இருந்தவள் ரெமெய்தான். வலது தோளை இறக்கினேன். நான்கு விரல்கடை இருக்கும். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

ஃபெலியூவுக்குக் காறை எலும்பு உடைந்தது, அவன் தம்பிக்கு ஒன்றுமில்லை. ரெமெய் கூட்டத்தின் மேல் விழுந்திருந்தால் பெரிய அடி இல்லாமல் தப்பியிருப்பாள். அவள் கூட்டத்தையும் தாண்டி, சதுக்கத்தின் கல் விளிம்பில் விழுந்தாள்.

இந்த அளவோடு நான் நிறுத்திக்கொண்டால் உங்களுக்கும் சௌகரியம். பொறாமை பிடித்த புருஷன் என்று எழுதிக்கொள்ளலாம், ஊரிலும் பாவம் என்று உச்சுக் கொட்டுகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் என் மனைவியைப் பற்றி யாரும் தப்பாகப் பேசுவதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். ஃபெலியூவோடு அவளைச் சேர்த்துப் பேசினால் அது பாவம். அவனுக்கும் அவளுக்கும் ஒன்றும் கிடையாது. அது எனக்குக் கோபுரம் கட்டுவதற்கு முன்பே தெரியும்.

ஏனென்றால் நான் பார்த்தேன். துறைமுகத்திலிருந்து ஏறி வந்தவன் குறுக்குச் சந்து வழியாகத்தான் சதுக்கத்துக்குள் நுழைந்தேன். சந்தின் பாதியில், ஒரு வீட்டு ஜன்னலின் இரும்புக் கம்பியில் ரெமெய் கச்சையின் ஒரு முனையை முடிந்துவைத்திருந்தாள். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. மறுமுனையை இடுப்பில் வைத்து, கைகளைத் தூக்கிக்கொண்டு, நிதானமாகச் சுழன்று வந்தாள். அவசரமே இல்லை. சுற்றிச் சுற்றி ஜன்னலண்டை போய்ச் சேர்ந்து, முடிச்சை அவிழ்த்துச் செருகிக்கொண்டாள். பிறகு தன் வயிற்றைத் தானே தட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் கல்யாணத்தன்று எடுத்த எந்தப் படத்திலும் அந்த முகம் இல்லை.

நான் சந்திலேயே பின்வாங்கி நின்றேன். அவள் போன பிறகு அந்தக் கம்பியைப் போய்ப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சாதாரண ஜன்னல் கம்பிதான், கொஞ்சம் துரு ஏறியிருந்தது. வேறொரு ஆண் பிடித்திருந்தால் அவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். அவனோடு சண்டை போட்டிருப்பேன், இரண்டு மாதத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். சதுக்கத்துக்கு வந்து "யாரு பிடிச்சா" என்று கேட்டது அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான். யாராவது ஒருவன் பேரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகவே முட்டி மடங்கவில்லை. தெரிந்தே செய்தேன், அவள் விழ வேண்டும் என்றே செய்தேன். ஃபெலியூ நடுவில் நின்றான், அவ்வளவுதான். அவனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

நேற்று அவள் கண் திறந்ததாகவும், என்னை உள்ளே விடக் கூடாது என்று நர்ஸிடம் சொன்னதாகவும் நீங்கள் சொன்னீர்கள். வலியில் ஏதோ சொல்லியிருப்பாள், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொல்கிறார். குளிப்பாட்ட வேண்டும், உடை மாற்ற வேண்டும், புரண்டு படுக்கக்கூட ஒரு கை வேண்டும். அவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி என்னை எப்போது அவளிடம் அனுப்புவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.