திருநீறு பூசினால் கூட வருவாள்

என் பெயர் அமுதவள்ளி, தகப்பனார் பெயர் தம்புசாமி. வயது 51. வீட்டில் தையல் வேலை செய்கிறேன். செந்தூலில் ஒரு பிளாட்டின் ஆறாவது மாடியில் என் மகள் தாமரையுடன் குடியிருக்கிறேன்.

தாமரைக்கு வயது 19. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு, பேச்சு வராது. வேற்று ஆள் கை பட்டால் பிளாட்டே அதிரக் கத்துவாள். அந்தக் கத்தலை நம்பித்தான் நான் அவளை வீட்டில் விட்டுக் கடைக்குப் போய் வருவேன்.

தினமும் காலையில் பராமரிப்பு நிலைய வேன் வந்ததும் சாமி மேடையிலிருந்து திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசி அனுப்புவேன். அது பழகிப்போய், யார் திருநீறு பூசினாலும் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு போவாள். பார்த்தவரிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொன்னேன். என் பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

சென்ற மாதம் எட்டாவது மாடிக்கு சுகுமாறன் என்பவர் தனியாக வாடகைக்கு வந்தார். ஒருநாள் என் அரிசி மூட்டையைத் தூக்கி வந்து வைத்தவர், தாமரையைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். அதன் பிறகு அவர், "நெசமாவாக்கா? நான் பூசுனாலும் வருமா?" என்று கேட்டார். நானே திருநீற்றுக் கிண்ணத்தை நீட்டினேன். அவர் பூசியதும் தாமரை எழுந்து அவர் கையைப் பிடித்து லிஃப்ட் வரை போனாள். நான் கைதட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நேற்று மாலை ரொட்டி வாங்கக் கதவைச் சாத்திவிட்டுக் கீழே போனேன். திரும்பியபோது கதவு திறந்திருந்தது, தாமரை இல்லை. சாமி மேடைக்கு முன்னால் திருநீறு சிந்திக் கிடந்தது. கிண்ணத்தையும் காணவில்லை. அதன் பிறகு எட்டாவது மாடிக்கு ஓடினேன். அந்த வீடு காலியாக இருந்தது. பக்கத்து வீட்டு உஷாராணி, ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றார். கேட்டிருக்காது.

லிஃப்ட் கேமராவில் என் மகள் அவர் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு போகிறாள், விரும்பித்தான் போனாளா என்று போலீஸ் அதிகாரி கேட்டார். வேனுக்குப் போவதாக நினைத்துப் போனாள். நான் வந்து கூட்டிப் போவேன் என்று இன்னும் காத்திருப்பாள். அந்தக் கிண்ணம் அவரிடம் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

அவளைக் கண்டுபிடித்தால் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். திருநீறு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பூசினால் உங்களோடும் வருவாள்.

நான் தமிழில் சொன்னதைக் கார்ப்பரல் சிவநேசன் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். அத்தனையும் உண்மை, மாற்ற எதுவும் இல்லை.

(கையொப்பம்)
த. அமுதவள்ளி