நான்காவது பெயர்

பொன்னேரியிலிருந்து காலை ஏழே காலுக்குப் புறப்படும் பேருந்தில் எனக்கு எப்போதும் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிடும். திருப்பாலைவனம் தாண்டினால் பாதி வண்டி காலி. பிள்ளைகளின் தேர்வுத் தாள்களை நான் திருத்துவது அதற்குப் பிறகுள்ள அரை மணி நேரத்தில்தான். இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு நாளும் தாமதமாகப் பள்ளிக்குப் போனதில்லை. வேலைக்குச் சோம்பல்படுகிறவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன், ஐயா.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஜமுனாவின் பெயர் கற்றல் குறைபாடு உள்ளவர்களின் பட்டியலில் தவறுதலாக இடம்பெற்றது எப்படி என்று என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். என்னோடு வேலை செய்கிற மேரி டீச்சர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "போன்ல ஏத்தும்போது கை பட்டுடுச்சுனு எழுதிக் குடுத்துடுங்க மேடம். அதோட முடிஞ்சிடும்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் கை படவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் மணல்மேட்டுக் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. நான் தலைமை ஆசிரியையாக வந்தபோது பள்ளியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஆசிரியைகள் நானும் மேரியும் மட்டும். பெரும்பாலும் படகும் வலையும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். ஊருக்குப் பின்னால் காலனியில் பதினொரு குடும்பங்கள் தனியாக இருக்கின்றன. அவர்களுக்குப் படகு கிடையாது. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். சடையனும் அவன் மனைவி காசியம்மாளும் அங்கேதான் இருக்கிறார்கள். ஜமுனா அவர்களுடைய மகள்.

முதல் ஆண்டு அடைவுத் தேர்வில் ஒன்றியத்தின் ஐம்பத்தொரு பள்ளிகளில் எங்களுக்கு நாற்பத்தொன்பதாவது இடம். கூட்டத்தில் அந்த வரிசையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் ஆசிரியை மட்டும் கீழே வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் அது இன்னும் நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. பின்தங்கிய சிறு பள்ளிகளை வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அப்படி நடந்தால் எங்கள் பிள்ளைகள் தினமும் படகேறி முகத்துவாரத்தைக் கடந்து போக வேண்டும். அந்தப் பயம் உண்மையான பயம்தான்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு சிறு தேர்வு வைத்தேன். மதிப்பெண்களைக் குறித்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தேன். மலரில் இருப்பவர்கள் தாங்களாகவே படித்துக்கொள்வார்கள். மொட்டில் இருந்த பன்னிரண்டு பேருக்கு இன்னும் மூன்று நான்கு மதிப்பெண் கிடைத்தால் போதும். துளசிங்கத்தின் மகன் தீனாவுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை என்பதை அந்தத் தாள்கள்தான் எனக்குக் காட்டின. ஒன்பது நாளில் வரவைத்தேன். இதில் எந்தத் தவறும் இல்லை, எந்த ஆசிரியரும் இதைத்தான் செய்வார். பள்ளிக்கூட நாளில் ஐந்தரை மணி நேரம்தான் இருக்கிறது. மொட்டுக்குக் கொடுத்த நேரம் அரும்பிலிருந்து எடுத்தது.

அரும்பில் கடைசியாக நான்கு பெயர்கள் நின்றுவிட்டன. நான்கும் காலனிப் பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டுப் பார்த்தேன். சும்மா பார்க்கத்தான். பள்ளி பதினான்கு இடம் முன்னேறியது.

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் மதிப்பெண் சராசரியில் சேராது. மருத்துவ முகாமில் பரிசோதிக்கும் வரை ஆசிரியர் குறிப்பதுதான் கணக்கு. இருபத்தொரு கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். முதல் பெயர் சுரேஷ். அவனுக்கு உண்மையாகவே ஒரு காது கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது, கருவி கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு அவன் நன்றாகப் படிக்கிறான். இதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்கவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான். அடுத்த இருவரும் மாதத்தில் பத்து நாள் மட்டும் பள்ளிக்கு வரும் அண்ணன் தம்பி. நான்காவது பெயர் ஜமுனா. அப்போது மூன்றாம் வகுப்பு. இறால் காலத்தில் அம்மாவோடு ஏரிக்குப் போய்விடுவாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

படிவத்தில் கைநாட்டு வாங்க காசியம்மாளைக் கூப்பிட்டேன். தண்ணீரிலிருந்து நேராக வந்திருந்தாள். ஈரப் புடவையோடு உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள்.

"பாப்பாக்கு இன்னா டீச்சர்?"

"ஒண்ணுமில்ல காசியம்மா. மத்த பிள்ளைங்க மாதிரி வேகமா ஏறாது. தனியா பாத்துக்கணும்."

"அவங்க நைனாவையும் எழுத்து ஏறலைனுதான் பள்ளிக்கூடத்துல நிறுத்திட்டாங்களாம். அது மாதிரியா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

அவள் விரலை நன்றாகத் துடைத்துவிட்டு அழுத்தினாள். மறுநாள் காலை பள்ளிக் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே ஆறு நண்டுகள். நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். குழம்பு நன்றாக இருந்தது.

அந்த ஆண்டு பதினோராவது இடம் வந்தோம். எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மதிப்பெண் பட்டியல்களைக் கொண்டு பிள்ளைகளின் அடைவை உயர்த்துவது எப்படி என்று மற்ற ஆசிரியர்களுக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேசினேன். அன்றைக்குக் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்ட ஆசிரியை அங்கே இருந்தாளா என்று தேடினேன். இருந்தாள். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஜமுனாவுக்கு வேறு தாள் கொடுத்திருக்க வேண்டும். பழக்கத்தில் எல்லோருக்கும் ஒரே கணக்குத் தாளைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பேருந்தில் அவளுடையதைத் திருத்தியபோது இருபதுக்குப் பதினெட்டு வந்தது. மறுபடி திருத்தினேன். மறுபடியும் பதினெட்டு. பார்த்து எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் இருந்த சுரேஷ் எடுத்திருந்தது மூன்று.

பள்ளிக்குப் போனதும் அவளைக் கூப்பிட்டு, "முப்பத்தாறு இறாலை நாலு பேரு பிரிச்சா ஆளுக்கு எத்தனை?" என்று கேட்டேன்.

"ஒம்போது" என்றாள் உடனே. "ஆனா அப்படிப் பிரிக்க மாட்டோம் டீச்சர். பெருசு சிறுசு பாத்துத்தான் பிரிப்போம்."

மேரிதான் மதிய இடைவேளையில் ஒரு மாதமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "கற்பூரம் மாதிரி பிடிச்சுக்கிறா மேடம். நாமதான் கவனிக்காம விட்டுட்டோம்" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பெயரை நீக்க ஒரு படிவம் இருக்கிறது. அதை எடுத்து மேசைமேல் வைத்து இரண்டு நாள் யோசித்தேன். நீக்கினால், எப்படிச் சேர்ந்தது என்று கேட்பார்கள். அந்த அண்ணன் தம்பியைப் பற்றியும் கேட்பார்கள். பிறகு பதினோராவது இடத்தைப் பற்றிக் கேட்பார்கள். மூன்றாம் நாள் படிவத்தை அலமாரியில் வைத்துவிட்டேன். பதினெட்டைப் பதியவில்லை. அரும்பு என்று பதிந்தேன். விடைத்தாளைக் கிழித்தேன். யாருடைய மதிப்பெண்ணையும் நான் திருத்தியதில்லை என்று உங்கள் உதவியாளரிடம் தொலைபேசியில் சொன்னது, சொல்லப்போனால், உண்மைதான். திருத்தவில்லை.

மேரியிடம், "ஆசை காட்டி ஏமாத்தக் கூடாது, விட்டுடு" என்றேன். நான் மூத்தவள், விட்டுவிட்டாள். ஜமுனாவை ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்து, படப் புத்தகமும் கலர் பென்சிலும் கொடுத்தேன். பாடம் நடக்கும்போது கை தூக்கினாள்.

"உனக்கு இது வராதும்மா. நீ கலர் அடி."

"அன்னிக்கு வந்துச்சே டீச்சர்."

"அது ஏதோ தெரியாம வந்தது."

அதட்டிச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னேன். மறுநாளும் கை தூக்கினாள். பதினாறு நாள் தூக்கினாள். நான் குறித்து வைத்தேன், அந்த நோட்டு இருக்கிறது. பதினேழாம் நாள் தூக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் அவளுக்கு உண்மையாகவே வராமல் போய்விட்டது. படிக்கச் சொன்னால் சிரித்தாள். அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பட்டியல் பொய்யில்லை என்று ஆகிவிட்டதல்லவா.

அந்தப் பிப்ரவரியில் பொன்னேரியில் மருத்துவ முகாம் நடந்தது. செவ்வாய்க்கிழமை. காசியம்மாளிடம் வியாழன் என்று சொன்னேன். அவர்கள் ஒரு நாள் பிழைப்பை விட்டு, பேருந்து ஏறிப் போய், பூட்டியிருந்த கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். "நாங்கதான் நாளை மாத்திக் கேட்டுக்கினோம் போல" என்று என்னிடமே வந்து சொன்னாள். ஆமாம் என்றேன்.

இந்த ஜூலையில் நடந்த முகாமுக்கு மேரி என்னிடம் சொல்லாமல் ஜமுனாவைக் கூட்டிப் போனாள். டாக்டர் குறைபாடு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். உங்கள் கடிதம் அதனால்தான் வந்தது.

போன சனிக்கிழமை அந்தச் சீட்டோடு நானே காலனிக்குப் போனேன். மூன்று பேரும் தண்ணீரில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஜமுனா வாயிலிருந்த பறியை எடுத்துவிட்டு, கரையேறி வணக்கம் சொன்னாள். பல்லில் கடித்த இடத்தில் உதடு வெடித்திருந்தது.

"டாக்டர் உன்னைப் பத்தி எழுதியிருக்காரும்மா. படி" என்று சீட்டை நீட்டினேன்.

"எனக்குப் படிக்க வராது டீச்சர்."

"வரும். நான் சொல்றேன்ல."

அவள் அம்மாவைப் பார்த்தாள். காசியம்மாள் கரைக்கு வந்து, முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "வுடுங்க டீச்சர். புத்தி கம்மினு நீங்க சொன்னப்போ ஒரு வருசம் அழுதேன். அப்புறம் இதையாச்சும் கத்துக்கட்டும்னு தண்ணில எறக்கினோம். இப்போ வந்து வேற சொல்றீங்க. எதை நம்புறது அது?"

ஜமுனா பறியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள். சீட்டு என் கையிலேயே இருந்தது.

அது தவறுதலாக இடம்பெறவில்லை, ஐயா. தெரிந்துதான் எழுதினேன். முதலில் எழுதியது பள்ளிக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினெட்டை மறைத்தது எனக்காக. நன்றாக இருந்த ஒரு பிள்ளையை, எழுதினபடி ஆக்கினேன். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு அடைவுத் தேர்வு வரைக்குமாவது ஜமுனாவை என் வகுப்பிலேயே விட்டுவையுங்கள். நானே தினமும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அரும்பிலேயே பதிந்திருப்பதால், அவளுடைய வளர்ச்சிதான் ஒன்றியத்திலேயே அதிகமாகத் தெரியும்.