விசில் அடிச்ச கை

இல்லீங்க டாக்டரையா, இவ தடுக்கி விழல. முதல்ல இருந்து சொன்னாத்தான் எனக்கு வரும். நீங்க தைங்க, நான் சொல்றேன்.

இன்னைக்கு அட்டன் டவுனுக்குப் படம் பார்க்கப் போனது நாலு பேரு. நான், எம் பேரு ராசம்மா. இந்தா படுத்திருக்காளே, என் மக பிரியந்தி. மருமகன் பிரதாப்பு. பேத்தி சுலக்ஷனா, அதுக்கு நாலு வயசு. பழைய ரவுடிப் படமாம், பெரிய திரையில திரும்பப் போடுறாங்கன்னு மருமகன்தான் இழுத்துக்கிட்டுப் போனாரு.

அந்த ரவுடி வெட்டுறான், சுடுறான். அதெல்லாம் எனக்குப் பெரிசாத் தெரியல. ஒரு எடத்துல பொண்டாட்டி முடியப் புடிச்சு, கதவு நிலையில மோதுறான். மூணு தரம். அம்மாம் பெரிய திரை பூரா அவ மூஞ்சிதான். நான் கண்ண மூடிக்கிட்டேன். பக்கத்துல காது கிழியிற மாதிரி விசிலு. யாருன்னு பாத்தா மருமகன். ரெண்டு விரல வாயில வச்சு, மோத மோத விசிலு.

குடிச்சிருந்தாரான்னா? படம் விட்டு வந்துதான் குடிச்சாரு. குடிக்காமலும் அடிப்பாருங்க.

தோட்டத்து லயத்துல எங்க வீட்டுக்கு வந்தோம். தேத்தண்ணி ஆறிப்போச்சாம். இவ முடியப் புடிச்சாரு. நிலையில மோதினாரு. அதே மூணு. படத்துல அவ கத்துன மாதிரி கத்துடின்னாரு. அப்புறம் அவரே விசில் அடிச்சாரு. பேத்தி கையத் தட்டிச் சிரிச்சிச்சுங்க, மறுபடியும் படம்னு நெனச்சு. அதுவும் ரெண்டு விரல வாயில வச்சு ஊதுச்சு. வெறுங்காத்துதான் வந்துச்சு.

இல்லீங்க, நான் ஒரு வார்த்தை கேக்கல. ஆம்பளைங்ககிட்டப் பேச எனக்குக் கூச்சம். உங்ககிட்டதான் இவ்வளவு பேசுறேன்.

என் சேலையிலயா? இது பிரியந்தி ரத்தம் இல்லீங்க. இவ தலைக்குத் துணி கட்டிட்டுத் திரும்புறேன், அவரு கவுந்தடிச்சுத் தூங்குறாரு. வலது கை பலகையில கெடக்கு. செத்துப்போன எங்க வீட்டுக்காரரோட கவ்வாத்துக் கத்தி கூரையில சொருகி இருந்துச்சு. தேயிலச் செடிக் கெளைய வெட்டுறப்ப அவரு சொல்லுவாரு, கணுப் பாத்து ஒரே வெட்டா வெட்டணும், பிஞ்சிரக் கூடாதுன்னு. விரல்லயும் கணு இருக்குதுங்களே.

சாகலீங்க. லயத்து ஆளுங்க வேன்ல ஏத்திட்டு வர்றாங்க. போலீசக் கூப்பிடுறதுன்னா கூப்பிடுங்க, நான் இங்கனதான் ஒக்காந்திருப்பேன். மொதல்ல இவ தையல முடிச்சிருங்க. அப்புறம் அவரப் பாத்து எண்ணிக்கங்க. எட்டு விரலு மிச்சம் இருக்கும்.