டயப்பரை வீசிப்போடாதீங்க

காந்திபுரத்தில் கிளம்பிய பேருந்தில், மடியில் ஐஸ் பெட்டியோடு இருந்த பெண் கைபேசியில் சொன்னார்: "அம்மணி, குழந்தை பேதி போன டயப்பரை வீசிப்போடாதீங்க. நான் வாரேன்."

பக்கத்து இருக்கைப் பெண் தன் சாப்பாட்டுப் பையை மெல்ல நகர்த்திக்கொண்டே கேட்டார்: "அதைய வெச்சு என்னங்க பண்ணுவீங்க?"

"லேபுல குடுப்பேனுங்க. பேதி வராம இருக்க ரோட்டா சொட்டு மருந்து குடுத்த குழந்தைக்கும் பேதி வருது. எந்த வகை வைரஸ்னு தெரியோணுமில்லீங்க? விட்டுட்டா அடுத்த குழந்தைக்கு வந்துருமுங்க."

மறுபடி கைபேசி ஒலித்தது. அதே குழந்தையின் அம்மாதான்.

"ஏனுங்க, நான் வாரேன்னு ஊட்டையெல்லாம் கழுவிப்போட்டீங்களா? டயப்பரையும் குப்பை வண்டியில போட்டுட்டீங்களா?"

பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பரவால்லீங்க. சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்காந்துக்கறேன். குழந்தை மறுபடி பேதி போனா எடுத்துக்கறேன். நின்னுருச்சுன்னா, உங்க காப்பியக் குடிச்சுப்போட்டுச் சந்தோஷமாக் கெளம்பறேன்."