பிறந்த வீட்டுச் சாவு

தலைவர் இறந்துபோன செய்தி ரேடியோவில் வந்த மறுநாள் காலை, பல்லடத்தில் திருப்பூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பஸ் ஓடுமா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி பனியன் கம்பெனிக்குப் போகிறவள், கையில் மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசி. மற்றவள் ஈரத் தலையோடு நின்றாள்.

"ஏனுங்க்கா, கண்ணெல்லாம் வீங்கியிருக்குது?"

"பொறந்த ஊட்டுல சாவுங்க."

"அய்யோ, அப்பாருங்களா?"

"தலைவருங்க."

தூக்குப்போசிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. ஈரத் தலையைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"கல்யாணமாகி வருசம் திரும்பறதுக்குள்ள தாலியறுத்தவ நானு. சுயமரியாதைக் கூட்டத்து மேடையில அவருதான் எனக்கு ரெண்டாங் கண்ணாலம் பண்ணி வெச்சாரு. அன்னைக்கே எங்கப்பனும் அண்ணனும் என்னையத் தலைமுழுகிட்டாங்க. இந்தப் பக்கம் வந்தா, 'நல்லாயிருக்கியாம்மா'ன்னு கேக்கறது அவரொருத்தருதான்."

"உங்க ஊட்டுக்காரரு இருக்காருங்கள்ல?"

"படுத்த படுக்கைங்க. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. நாளைக்கு அவருக்கொண்ணு ஆச்சுன்னா…"

"வாயக் கழுவுங்க்கா!"

"பொறந்த ஊட்டுக் கோடின்னு ஒரு சேலை வராதுங்க. அது கெடக்குது. தலைவரு இருந்திருந்தா, 'அந்தப் புள்ளையோட பொட்டை அழிக்காதீங்க, பூவை எடுக்காதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு. ஊரே அடங்கியிருக்கும். இனி பொம்பளைங்க என்னையச் சுத்தி உக்காந்து வளையல ஒடைக்கக் கையப் புடிக்கையில, வேண்டாம்னு சொல்ல யாருங்க இருக்கா?"