குடிப்பழக்கம் இல்லை என்று எழுதியது நான்தான்

என் பெயரும் கதவு எண்ணும் மேலே எழுதிக்கொண்டீர்கள். வயது நாற்பத்தேழு. வீடற்றோர் காப்பகத்தில் பதினோரு வருடமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். இறந்தவரை நான்கு வருடமாகத் தெரியும். காப்பகத்தில் யார் சண்டை போட்டாலும் நடுவில் புகுந்து தீர்ப்பு சொல்வார் என்பதால் அவரை ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் காதில் குரல்கள் கேட்கும். தினமும் குடிப்பார்.

மனநல ஆஸ்பத்திரிக்கு அவரை ஐந்து தடவை கூட்டிப்போனேன். குடியை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். அதன் பிறகு குடி மறுவாழ்வு மையத்துக்குப் போனால், மனநிலையைச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார்கள். அலைந்து அலைந்து எனக்கு வெறுத்துப்போய்விட்டது. போன மாதம் அவர் ஓடும் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். அதன் பிறகு அவருடைய அக்கா வந்து, "எப்படியாவது உள்ள சேர்த்துடுங்கம்மா, எனக்கு இவன் ஒருத்தன்தான்" என்று அழுதார்.

திங்கட்கிழமை காலை அவரைக் குளிக்க வைத்து, இரண்டு தடவை பல் தேய்க்கச் சொல்லி, என் வீட்டுக்காரருடைய சட்டையைப் போட்டுவிட்டு மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு இருந்தவர்கள் அவரை முன்னால் பார்த்ததில்லை. சேர்க்கைப் படிவத்தில் குடிப்பழக்கம் இல்லை என்று எழுதினேன். அக்காவுக்கு அதைக் காட்டாமல் கையெழுத்து வாங்கினேன். படுக்கை கிடைத்தது. வார்டில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இரண்டு பேர் சண்டை போட, ஜட்ஜ் பாதி மூடச் சொன்னார். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் வார்டு நர்ஸ் போன் செய்து, கை கால் நடுங்குகிறது, குடிப்பாரா என்று கேட்டார். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"இல்ல சிஸ்டர். புது இடம்ல, பயந்திருப்பாரு" என்றேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வலிப்பு வந்து இறந்தார். நர்ஸ் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவரை இதில் இழுக்காதீர்கள்.

இன்று இங்கே வருவதற்கு முன்னால், காப்பகத்தில் இருக்கும், இதே இரண்டு பிரச்சினையும் உள்ள ஒரு பெண்ணை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னேன். குடியை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். அவள் உங்கள் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போடுகிறேன். அவளை அடுத்து எங்கே கூட்டிப்போவது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

(ஒப்பம்)
காப்பக மேற்பார்வையாளர்